இடப்பக்கத்துக் கரு

அச்சின் அடியைக் கட்டைவிரலால் அழுத்தியதும் உறைகட்டி மெல்லிய சத்தத்தோடு கழன்று அக்காவின் கையுறை போட்ட உள்ளங்கையில் விழுந்தது. உறைந்த பசைக் கட்டி, சர்க்கரைக் கட்டியைவிடச் சற்றுப் பெரியது, பால்வெள்ளை. அதற்குள் பயறளவில் இரண்டு எலிக்கருக்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன, கோபித்துக்கொண்டு ஒரே பாயில் படுத்த பிள்ளைகளைப் போல. காலியான பிளாஸ்டிக் அச்சு இன்னொரு கையில் இருந்தது. அதன் இடது விளிம்பில் நீல மையில் ஒரு புள்ளி. தங்கை, சின்னவள், வைத்த புள்ளி. இடது கைக்காரி என்பதால் அவள் வைக்கும் புள்ளி எதுவும் புள்ளியாக நிற்காது, இழுபட்டு ஒரு வால் முளைத்திருக்கும். வழக்கமாக வெறும் அச்சு குப்பைக்கூடைக்குப் போகும். அக்கா அதை இரண்டு விரலால் பிடித்து மேலங்கிப் பைக்குள் இறக்கி, பைமேல் ஒருமுறை கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு கட்டியின் இடது மூலையை பிளேடால் லேசாகச் சீவி அடையாளம் செய்து, வெட்டும் எந்திரத்தின் வட்டத் தட்டில் ஒட்டினாள்.

உறைந்த திசுவை இழை இழையாகச் சீவித் தள்ளும் அந்த எந்திரத்தோடு அவளுக்கு வெகுநாள் பழக்கம். பனிப்பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, வெங்காயத்தோலைவிட மெல்லியதாக ஒரு சீவல் கத்தியின் மேல் வந்து படுக்கும். சுருண்டு விடுவதற்குள் தூரிகையால் தடவிக் கண்ணாடி ஸ்லைடில் ஏற்ற வேண்டும். மூச்சு பட்டால் பறந்துவிடும். சின்னவள் அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்த நாள்முதல், எல்லார் எதிரிலும் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதில், தலைவரான மேடத்தைத் தவிர அத்தனை பேருக்கும் அவள் அக்காவாகிப்போனாள். கூப்பிட்டுப் பழக்கியவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

சின்னவளின் கண்டுபிடிப்பு என்னவென்று அக்காவுக்கு அவள் சொல்லித்தான் தெரியும். கரு வளரும்போது தண்டுவடத்தின் இரண்டு பக்கமும் பாசிமணி கோத்தாற்போல நரம்பு முடிச்சுகள் உருவாகின்றன. வலியை உணரப்போகிற உயிரணு, தொடுகையை உணரப்போகிற அணு, கைகால் எங்கே இருக்கிறதென்று சொல்லப்போகிற அணு, எல்லாம் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றுபோலவே இருக்கும். முகத்தைப் பார்த்து யார் யாரென்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வகையும் தனக்கென்று ஒரு புரதத்தைச் செய்யும். அந்தப் புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற ஆன்டிபாடியில் சாயம் ஏற்றிவிட்டால், நுண்ணோக்கியில் அந்த வகை மட்டும் பச்சையாக ஒளிரும். தொடுகை அணுவின் நரம்பிழை வளர்ந்து போய்த் தோலைச் சேர்ந்த பிறகே அந்த அணுவுக்கு இந்த அடையாளம் வரும் என்று மேடம் உட்பட எல்லாரும் நினைத்திருந்தார்கள். இழை பாதி வழிகூடப் போகாதபோதே அடையாளம் வந்துவிடுகிறது என்றாள் சின்னவள்.

"எதையுமே தொடறதுக்கு முன்னாடியே, தான் தொடறதுக்குத்தான் இருக்கோம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குக்கா."

"அதுக்குத் தெரிஞ்சு என்ன புண்ணியம். ராத்திரி வீட்டுக்கு வரமாட்டேன்னா போன் பண்ணிச் சொல்லணும்னு உனக்குத் தெரியலையே," என்று அக்கா அன்றைக்குச் சொன்னாள்.

இதை நம்பாதவன் ஒருத்தன் இருந்தான். அவனுக்கு ஆய்வகத்தில் பெயரே சந்தேகம். தராசு காட்டும் எடையை இன்னொரு தராசில் வைத்துப் பார்ப்பான். தேநீரில் சர்க்கரை போட்டாயிற்று என்று சொன்னாலும் ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் தலையாட்டுவான். "இவன் கல்யாணத்தக்கூட மூணு தடவ பண்ணிப் பாப்பான். மூணு தடவையும் அதே பொண்ணு வந்தாத்தான் தாலி கட்டினதா ஒத்துக்குவான்" என்று சின்னவள் அவன் எதிரிலேயே சொல்வாள். அவனும் சிரிப்பான். ஆனால் வாராந்திரக் கூட்டத்தில், எல்லாரும் கைதட்டி முடித்த பிறகு, அவன்தான் எழுந்து கேட்டான்: "உன் ஆன்டிபாடி அந்தப் புரதத்துலதான் ஒட்டுதுன்னு எப்படித் தெரியும்? கண்டதுலயும் ஒட்டி ஒளிருதோ என்னவோ."

அதற்கு ஒரே வழிதான் உண்டு. அந்தப் புரதத்தைச் செய்யும் ஜீனே இல்லாத எலிக்கரு ஒன்றை எடுத்து, அதே சாயத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். இருட்டாக இருந்தால் ஆன்டிபாடி உண்மை சொல்கிறது. அங்கேயும் ஒளிர்ந்தால் எல்லாம் பொய். சின்னவள் சவாலை ஏற்று, ஒரே ஈற்றில் பிறக்கவிருந்த இரண்டு கருக்களை எடுத்து, எதில் ஜீன் இல்லை என்று சோதித்து, ஒரே அச்சில் வைத்து உறையவைத்தாள். ஒரே கட்டியில் இருந்தால் ஒரே சாயம், ஒரே கழுவல், யாரும் குறை சொல்ல முடியாது. ஜீன் இல்லாதது எப்போதும் இடப்பக்கம், புள்ளி வைத்த பக்கம். அது அவள் முறை. வெட்டுவதற்குமுன் காய்ச்சலில் படுத்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறியது. அவள் போன பிறகு கட்டுரையை அனுப்பிய பத்திரிகையிலிருந்தும் சந்தேகம் கேட்ட அதே கேள்விதான் வந்தது. அதற்குள் கூண்டறையில் ஒரு நோய் பரவி அந்த எலி வம்சமே இல்லாமல் போயிருந்தது. மிஞ்சியது இந்த ஒரு கட்டி.

அக்கா அதை முழுக்கச் சீவினாள். தட்டில் நகக்கனத்துக்கு ஒரு சில்லு மட்டும் எஞ்சியது. அதை எந்திரத்துக்குள்ளேயே விட்டு மூடினாள்.

மறுநாள் மதியம், சாயம் ஏறிய ஸ்லைடுகளோடு அவர்கள் இருட்டறைக்குள் போனார்கள். ஜன்னல் கிடையாது, சுவருக்குக் கறுப்புப் பூச்சு, வாசலில் கனத்த திரை. நுண்ணோக்கியின் விளக்கை ஏற்றினால் அணுக்கள் ஒளிரும். ஆனால் அந்த விளக்கே அவற்றை எரிக்கவும் செய்யும். பார்க்கப் பார்க்க ஒளி தேயும், அதிகம் பார்த்தால் பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் விளக்கை மறைக்கும் ஷட்டரை ஒரு கணம் திறப்பதும், எண்ணுவதும், மூடுவதுமாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் எந்தக் கரு என்று சந்தேகத்துக்குச் சொல்லப்படவில்லை. அவனே கேட்டு வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. தெரிந்தால் கண் தன்னிஷ்டத்துக்குப் பார்க்கும் என்பான்.

அவன் முதல் ஸ்லைடை வைத்தான். ஷட்டர் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா அவன் முதுகுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அக்கா."

"என்ன?"

"நீங்க வெளியில நில்லுங்க."

"ஏன், நான் என்ன கடிச்சா திங்கறேன்?"

"நான் இடப்பக்கம் போனா உங்க மூச்சு நின்னு போகுது. வலப்பக்கம் வந்தா திரும்ப வருது. நீங்க வாயத் திறக்காமலே எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கீங்க."

அவன் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி மிதிக்க வேண்டும்போல இருந்தது அவளுக்கு. திரையை விலக்கி வெளியே வந்தாள். நடைவழியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. எதிரே குளிர்பதனப் பெட்டிகளின் வரிசை, அவற்றின் ஓயாத உறுமல். திரைக்குப் பின்னாலிருந்து எண்ணும் கருவியின் சத்தம் வந்தது. டிக், டிக், டிக். கொஞ்ச நேரம் நின்றது. அக்கா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி டிக், டிக். ஒளிர்கிற அணுவுக்கு ஒரு டிக். எந்தப் பக்கத்து அணு என்று சத்தத்துக்குத் தெரியாது.

பையில் போன் அதிர்ந்தது. அம்மா.

"இன்னிக்குத்தானே பாக்கறாங்கன்னு சொன்ன? என்னாச்சு?"

"பாத்துட்டிருக்காங்கம்மா. அப்புறம் பேசறேன்."

"புத்தகத்துல அவ பேருதானே மொதல்ல வரும்?"

"ஆமாம்மா."

"பேர சரியாப் போடச் சொல்லு. ஆஸ்பத்திரில கடைசிவரைக்கும் தப்புத்தப்பா எழுதினானுங்க. நீ பக்கத்துல நின்னு பாத்துக்கோ."

சரி என்று சொல்லி வைத்தாள். போனைப் பைக்குள் போடும்போது அச்சு விரலில் பட்டது. நேற்றைய அதே மேலங்கி.

ஆஸ்பத்திரியில் சின்னவளின் கை கட்டிலின் ஓரத்தில் கிடக்கும். பேச்சு போய், கண் திறப்பதும் நின்ற பிறகு, அக்கா அந்தக் கைக்குள் தன் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு சாயங்காலம் அந்த விரல்கள் மூடின. தெளிவாக, இறுக்கி. அக்கா எழுந்து ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தாள். "உள்ளங்கையத் தொட்டா தன்னால மூடிக்கும்மா. அவங்க பண்றது இல்ல," என்று நர்ஸ் போர்வையைச் சரிசெய்தபடி சொன்னாள். டாக்டரைக் கேட்டிருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பார். சோதித்துப் பார்க்க அவர்களிடம் வழியும் இருந்திருக்கும். அக்கா கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்போதும் வீட்டில் விளக்கணைத்துப் படுத்தால் விரல் அந்த இறுக்கத்தோடுதான் தூங்கப் போகிறது.

"வாங்கக்கா. முடிஞ்சுது."

உள்ளே அவன் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. அதில் அவள் இதுவரை கேட்காத ஒரு தளர்ச்சி இருந்தது.

"நான் சொன்னது தப்புக்கா. ஆன்டிபாடி கண்டதுல ஒட்டல. ஒரு கரு அவ்வளவு அழகா ஒளிருது, இன்னொண்ணு கும்மிருட்டு. எல்லா ஸ்லைடுலயும் அப்படித்தான். அவகிட்ட நான் மன்னிப்பு கேட்டிருக்கணும்."

சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"எந்தப் பக்கம் ஒளிருது?"

"மூலை சீவின பக்கம். இடது."

குளிர்பதனப் பெட்டிகளின் உறுமல் இருட்டறைக்குள்ளும் கேட்டது. நாற்காலி திரும்பும் சத்தம் வந்தது.

"இடதுதான் இல்லாதது," என்றாள் அக்கா.

மேடம் வந்து, விளக்கைப் போட்டு, இரண்டு பேர் சொன்னதையும் நின்றபடியே கேட்டார். கேட்டுவிட்டு, "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். "புரதமே இல்லாத கரு ஒளிருமாம், புரதம் இருக்கறது இருட்டா இருக்குமாம். எந்த ஊர் நியாயம் இது? தட்டுல ஒட்டும்போது கட்டி திரும்பியிருக்கு. முதுகோட முதுகு வச்சிருக்கா, எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரித்தான் தெரியும். இடதுன்னு இருக்கறத வலதுன்னு மாத்தி எழுதிக்கோங்க."

"அப்படித்தான் ஆகியிருக்கும் மேடம். நானும் அதத்தான் நம்பறேன்," என்றான் சந்தேகம்.

"நீ நம்பறியா? யாராவது காலண்டர்ல குறிச்சு வைங்கப்பா."

அவன் சிரிக்கவில்லை. "ஆனா நம்பறத வச்சுப் பக்கத்த மாத்தக் கூடாது மேடம். ஒளிர்றதுதான் நல்ல கருன்னு நாமளே முடிவு பண்ணிட்டு, அப்புறம் நல்ல கரு ஒளிருதுன்னு எழுதினா, இவ்வளவும் எதுக்குப் பண்ணினோம்? அவ இருந்திருந்தா என் சட்டையப் பிடிச்சிருப்பா."

"அவ இல்லையே," என்றார் மேடம். சொன்ன பிறகு அவருக்கே அது சுருக்கென்றிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. வெட்டினது நீங்க. கட்டி திரும்பிச்சா, இல்லையா? திரும்பினது உங்களுக்கு ஞாபகம் இருந்தா அது போதும். யாரும் உங்களத் தாண்டிக் கேக்கப் போறதில்ல."

இரண்டு பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். திரும்பிச்சு மேடம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பொய்யாகவும் இருக்காது, உண்மையில் திரும்பித்தான் இருக்கும், சந்தேகமே நம்புகிறான். அக்கா கண்ணை மூடி நேற்றைக்குப் போனாள். கட்டைவிரல் அழுத்தியது. கட்டி விழுந்தது. அதன் குளிர் கையுறையைத் தாண்டி உறைத்தது. அச்சின் விளிம்பு. புள்ளி. புள்ளியின் வால், இடமிருந்து வலமாகத் தேய்ந்து, நுனியில் நூலாக இழைந்து. பை. பைமேல் வைத்த கை. பிறகு பிளேடு. பைக்கும் பிளேடுக்கும் நடுவில் கட்டி இருந்த உள்ளங்கையைத் தேடினாள். அங்கே ஒன்றுமில்லை. உள்ளங்கையே இல்லை. வால் முளைத்த அந்தப் புள்ளி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

"தெரியல மேடம்," என்றாள். "அந்த நேரத்துல நான் கட்டியப் பாக்கல. இதத்தான் பாத்துட்டிருந்தேன்."

பைக்குள்ளிருந்து அச்சை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேடம் அதைத் தொடாமல் பார்த்தார். சந்தேகம் குனிந்து பார்த்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவன், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தட்டுல ஒரு சில்லு மிச்சம் இருக்குல்லக்கா," என்றான் கடைசியில். "ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா சொரண்டிக் குடுத்தீங்கன்னா ஜீன் சோதனை போட்டுப் பாத்துடலாம். எதுல ஜீன் இல்லைன்னு அதுவே சொல்லிடும்."

மேடம் நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து அக்கா பார்த்ததில்லை. "அவசரப்படாதீங்க. இருக்கறது அந்தச் சில்லுதான். சொரண்டினா அதுவும் போயிடும். வலதுல ஜீன் இல்லைன்னு வந்தா நல்லது, அவ சொன்னது நிக்கும். இடதுலதான் இல்லைன்னு வந்துட்டா, அப்புறம் நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அவ சொன்னது மொத்தமும் இல்லைன்னு ஆயிடும். சொரண்டாம விட்டா, கட்டி திரும்பியிருக்கலாம்னு ஒரு வரி சேர்த்து, இதவிடச் சின்னப் பத்திரிகை ஏதாவது ஒண்ணுல போட்டுக்கலாம். அவ பேர்ல ஒண்ணு இருக்கும். அம்மாகிட்ட காட்டலாம். நீங்கதான் முடிவு பண்ணணும்."

மேடம் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அம்மா அதை அலமாரியில் வைப்பாள், வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவாள். திரும்பியிருக்கலாம் என்ற அந்த வரியை அம்மா படிக்கமாட்டாள். அக்கா படிப்பாள். எடுக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போய் நிற்கும். மூடிக்கொண்ட விரல்களுக்குப் பக்கத்தில், போர்வையைச் சரிசெய்துகொண்டு நர்ஸ் நிற்பதுபோல அது நிற்கும்.

"சொரண்டலாம்," என்றாள்.

மேடம் அவள் தோளில் ஒருமுறை கைவைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

எந்திரத்தின் மூடியைத் திறந்ததும் குளிர்ப்புகை வழிந்து கீழே இறங்கியது. வட்டத் தட்டில் சில்லு அப்படியே இருந்தது. உறைந்த வெள்ளைக்குள் மங்கலாக இரண்டு நிழல்கள், முதுகோடு முதுகு. சந்தேகம் இரண்டு சிறிய குழாய்களைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"எது எதுன்னு எங்கிட்ட சொல்லிடாதீங்க. ஒண்ணுல ஒரு புள்ளி, இன்னொண்ணுல ரெண்டு புள்ளி. எதுக்கு எதுங்கறது உங்களோடயே இருக்கட்டும்."

"பாத்துத் தொலையாத, அப்ப."

அவன் போய், தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். சட்டையின் பின்கழுத்து மடிந்து கிடந்தது. சின்னவள் இருந்திருந்தால் அவன் முதுகில் ஏதாவது எழுதி ஒட்டியிருப்பாள்.

அக்கா கத்தியை எடுத்தாள். எடுத்துவிட்டுக் கீழே வைத்தாள். வலதுகைக் கையுறையைக் கழற்றினாள். செய்யக் கூடாத காரியம்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அவளே அதற்காகத் திட்டியிருக்கிறாள். கரு இல்லாத வெறும் உறைபசையின் ஓரத்தில், தான் சீவிய மூலைக்குப் பக்கத்தில், சுட்டுவிரலை வைத்தாள். முதலில் குளிரே தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது. பிறகு தோல் பனியோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. பிறகு கீழே பசை கொஞ்சம் இளகி வழுக்கியது. கையை எடுத்தபோது அங்கே ஒரு சிறிய குழி விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரும்ப உறைந்து வெளுத்தது.

கையுறையை மாட்டிக்கொண்டு இடது நிழலைச் சுரண்டினாள். வெள்ளைப் பொடி கத்தியின் நுனியில் சேர்ந்தது. குழாய்க்குள் தட்டி, மூடி, மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். அவள் வைத்த புள்ளிக்கு வால் இல்லை.

"இந்தா. மொதல் குழாய்."

சுவரைப் பார்த்தபடியே அவன் கையைப் பின்னால் நீட்டி விரித்தான். உள்ளங்கையில் அவள் குழாயை வைத்தாள். அவன் விரல்கள் மூடின. குழாயோடு அவள் விரல்நுனியையும் ஒரு கணம் அழுத்தினவோ, இல்லையோ. விறைத்துப்போயிருந்த விரலுக்கு அது தெரியவில்லை. அவள் கத்தியைத் துடைத்துவிட்டு வலப்பக்கம் திரும்பினாள். முதுகைக் காட்டியபடியே அவன் மற்ற கையையும் பின்னால் நீட்டி, விரித்து, காத்துக்கொண்டிருந்தான்.